கோவைக்கு வந்து சேரும் முதுமை

கோவையில் வீடு, மனை விளம்பரங்களைப் பார்க்கிறவர்களுக்கு ஒரு வரி பழகிப்போயிருக்கும்: '55 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும்'. வடவள்ளியிலிருந்து தொண்டாமுத்தூர் போகும் சாலையிலும், பேரூரைத் தாண்டி மாதம்பட்டிப் பக்கமும், வடக்கே பெரியநாயக்கன்பாளையம் வட்டாரத்திலும் கடந்த இருபது ஆண்டுகளில் இப்படிப்பட்ட குடியிருப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்துவிட்டன. நேற்றுவரை சோளக்காடாகவோ தென்னந்தோப்பாகவோ இருந்த இடத்தில் இன்று சறுக்காத தரை, குளியலறையில் கைப்பிடிக் கம்பி, கட்டிலருகே அவசர மணி. இங்கே வருகிறவர்களில் பலர் கோவைக்காரர்கள் அல்லர். சென்னை, மும்பை, பெங்களூரு என்று வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள்; பிள்ளைகள் அமெரிக்காவிலோ ஆஸ்திரேலியாவிலோ இருப்பவர்கள். வெளிநாட்டிலேயே முப்பது ஆண்டுகள் உழைத்துவிட்டு, கடைசிக் காலத்தைத் தமிழ் பேசும் மண்ணில் கழிக்க வந்தவர்களும் உண்டு.

வயதான காலத்தில் ஒருவர் புதிய ஊருக்குக் குடிபெயர்ந்தால் அந்த ஊரிடமிருந்து அவருக்கு என்ன கிடைக்கிறது, அவரிடமிருந்து ஊருக்கு என்ன கிடைக்கிறது என்பது கோவையைப் பொறுத்தவரை இப்போது கேட்டே ஆகவேண்டிய கேள்வி.

ஓய்வுக்காக மேற்கு மலையோரம் தேடி வருவது இந்த வட்டாரத்துக்குப் புதிதில்லை. கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-ல் நீலகிரி ஏறியதும், உதகையில் வீடு கட்டியதும், நோயுற்ற வெள்ளைக்காரச் சிப்பாய்கள் உடம்பு தேற அங்கே அனுப்பப்பட்டதும் பழைய கதை. நாடு விடுதலை பெற்ற பிறகும் குன்னூரும் வெலிங்டனும் படை அதிகாரிகளின் ஓய்வுக்கால ஊர்களாகவே நீடித்தன. ஃபீல்டு மார்ஷல் சாம் மானெக்‌ஷா 1973-ல் ஓய்வு பெற்றதும் குன்னூரில் குடியேறினார். 2008 ஜூனில் வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் உயிர் பிரியும்வரை, ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள், அவருக்கு அதுதான் ஊர். பார்சிக் குடும்பத்தில் பிறந்து அமிர்தசரசில் வளர்ந்தவர் தமிழ்நாட்டு மலையில் அடங்கியிருக்கிறார்.

உலகில் இதே கதை பெரிய அளவில் நடக்கும் இடம் மெக்சிகோ. குவாதலஹாரா நகருக்குத் தெற்கே சப்பாலா ஏரிக்கரையில் இருக்கும் அஹிஹிக் போன்ற ஊர்களில் அமெரிக்க, கனடிய ஓய்வூதியர்கள் ஆயிரக்கணக்கில் வாழ்கிறார்கள். கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். கொளுத்தவும் செய்யாது, நடுக்கவும் செய்யாது. அமெரிக்காவில் சிக்கனமாக வாழ வேண்டிய ஓய்வூதியத்தில் அங்கே தினமும் வெளியே சாப்பிட்டு, தோட்டக்காரரும் வைத்துக்கொண்டு வாழலாம். 1955-லேயே அங்கே வெளிநாட்டவர் ஒரு சங்கம் தொடங்கினார்கள். நூலகம், வகுப்புகள், நட்பு வட்டம் என்று அது இன்றும் நடக்கிறது. காலையில் ஏரிக்கரையில் நடை, மதியம் நண்பர்களோடு உணவகம், மாலையில் ஊர்ச் சதுக்கத்தில் இசை: பத்திரிகைகள் அந்த வாழ்க்கையை வர்ணிக்கும்போது பொறாமைகூட வரும். ஆனால் அமெரிக்க அரசின் மெடிகேர் காப்பீடு நாட்டு எல்லையைத் தாண்டாது. முப்பது ஆண்டு வாழ்ந்தும் ஸ்பானிய மொழி பேச வராதவர்கள் உண்டு. வந்தவர்களின் டாலர் வாடகையை ஏற்றிவிட, உள்ளூர்க்காரர் தள்ளிப்போக நேர்கிறது. 2025 ஜூலையில் மெக்சிகோ நகரத்தில் மக்கள் வீதிக்கு வந்து போராடியது இதற்காகத்தான்.

கோவைக்கும் அந்த ஏரிக்கரைக்கும் ஒற்றுமை தட்பவெப்பத்தில் தொடங்குகிறது. மேற்குத் தொடர்ச்சி மலை பாலக்காட்டில் முப்பது கிலோமீட்டர் அகலத்துக்கு வாய் திறந்து நிற்கிறது. ஜூன் பிறந்ததும் அந்தக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று கோவைக்குள் நுழைந்துவிடும். சென்னை வியர்த்துக்கொண்டிருக்கும் ஆனி, ஆடியில் இங்கே சாரல் காற்று ஜன்னலை அடிக்கும். சிறுவாணித் தண்ணீர் பற்றிக் கோவைக்காரர் பெருமை பேசாத நாளில்லை. உலகத்திலேயே இரண்டாவது சுவை என்பதற்கு யாரும் சான்று காட்டியதில்லை என்றாலும், மும்பையிலிருந்து வந்தவர் முதல் வாரத்திலேயே அந்தப் பேச்சை நம்பத் தொடங்கிவிடுகிறார்.

ஓய்வூதியர்கள் கோவைக்கு வர, தட்பவெப்பத்தைவிட மருத்துவமனைகள்தான் பெரிய காரணம். முதுமையின் இரண்டு பெரிய எதிரிகள் வழுக்கி விழுவதும் கண் மங்குவதும். எலும்பு முறிவுக்கு நாடறிந்த கங்கா மருத்துவமனையும், கண்புரைக்கு அரவிந்தும் சங்கராவும் ஒரே நகரத்தில் இருக்கின்றன. குப்புசாமி நாயுடு, பி.எஸ்.ஜி., ராமகிருஷ்ணா, கே.எம்.சி.ஹெச். என்று மற்றவையும் அரை மணி, முக்கால் மணி நேரத் தொலைவில். ஆலைகளிலும் பம்புசெட்டிலும் சம்பாதித்த குடும்பங்கள் கல்லூரியும் ஆஸ்பத்திரியும் கட்டியது இந்த ஊரின் நல்ல குணம். அந்தக் கொடையின் பலனைத்தான் ஓய்வூதியர்கள் இன்று அனுபவிக்கிறார்கள். பீளமேட்டு விமான நிலையத்திலிருந்து சிங்கப்பூருக்கும் ஷார்ஜாவுக்கும் நேரே பறக்கலாம் என்பது பிள்ளைகளுக்கு ஓர் ஆறுதல்.

பிள்ளைகளோடு போய் இருந்துவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் ஒருமுறை அமெரிக்கா போய்த் திரும்பியவர்களிடம் பேசிப் பார்க்க வேண்டும். சுற்றுலா விசாவில் வழக்கமாக ஆறு மாதம் தங்கலாம். முதல் மாதம் பேரப்பிள்ளைகளோடு பறந்துவிடும். பிறகு மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விட, பேரன் பள்ளிக்குப் போய்விட, கார் ஓட்டத் தெரியாத தாத்தாவும் பாட்டியும் நான்கு சுவருக்குள் மாலைவரை காத்திருக்க வேண்டும். தெருமுனையில் பெட்டிக்கடை இல்லை, பூக்காரம்மா இல்லை, எதிர்வீட்டுத் திண்ணை இல்லை. பல்வலி வந்தால் செலவை நினைத்தே வலியைப் பொறுத்துக்கொள்ளும் நிலை. இந்த அனுபவத்துக்குப் பிறகு 'நாங்க நம்ம ஊர்லயே இருந்துக்கறோம்' என்று அவர்கள் சொல்வதில் கோபம் கிடையாது, தெளிவுதான் இருக்கிறது. பிள்ளைகள் கைவிட்டதால்தான் பெற்றோர் இத்தகைய குடியிருப்புக்கு வருகிறார்கள் என்ற பேச்சு நம் ஊரில் இன்னும் ஓயவில்லை. அது பெரும்பாலும் அநியாயமான பேச்சு. சொந்தக் காலில் நிற்க விரும்பித் தாங்களே தேர்ந்து வந்தவர்களை நாம் முதலில் மதிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

அந்தக் குடியிருப்புகளின் உயிர்நாடி சாப்பாட்டுக்கூடம். காலை ஏழரைக்கு இட்லியோ பொங்கலோ, பன்னிரண்டரைக்குச் சோறு, நாலு மணிக்குக் காபி, ஏழரைக்குச் சப்பாத்தியோ தோசையோ. நாற்பது ஆண்டுகள் ஒரு நாளும் விடாமல் அடுப்பருகே நின்ற பெண்மணிக்கு, 'இன்னிக்கு என்ன சமைக்கறது' என்ற கேள்வி காலையில் எழாமலிருப்பதே பெரிய விடுதலை. ஓய்வு என்ற சொல் ஆண்களுக்கு 58 அல்லது 60 வயதில் கிடைத்துவிடுகிறது. வீட்டில் சமைத்த பெண்களுக்கு அது கிடைப்பது சமையலறை கையைவிட்டுப் போகும் நாளில்தான். இந்தக் குடியிருப்புகள் செய்த மிகப் பெரிய நன்மை எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

தினமும் ஒரே மேஜையில் உட்காருவதால் இன்னொன்றும் நடக்கிறது. காலைச் சாப்பாட்டுக்கு ஒருவர் வரவில்லை என்றால் பக்கத்து நாற்காலிக்காரர் கவனித்துவிடுவார். அரை மணி நேரத்தில் யாராவது கதவைத் தட்டுவார்கள். நகரத்து அடுக்குமாடியில் தனியாக வாழும் முதியவருக்கு இந்தக் காவல் கிடையாது.

குறையும் இந்தச் சாப்பாட்டுக்கூடத்தில்தான் இருக்கிறது. பெரும்பாலான இடங்களில் சைவச் சமையல். அதுவும் எல்லா ஊர்க்காரருக்கும் பொதுவாக ஒரு சாம்பார், ஒரு ரசம், ஒரு பொரியல். மதிலுக்கு வெளியே கொங்கு நாட்டின் அடுப்பு வேறு மணத்தோடு எரிந்துகொண்டிருக்கிறது. அரிசியும் துவரம்பருப்பும் சின்ன வெங்காயமும் சேர்ந்து வெந்து, மேலே ஒரு கரண்டி நெய்யோடு இலைக்கு வரும் அரிசிம்பருப்பு சாதம், எளிமையில் அதற்கு ஈடு கிடையாது. சூடாகப் பிழிந்த சந்தகைக்குத் தேங்காய்ப்பாலும் வெல்லமும். சளி பிடித்தால் செலவு ரசம். மழைக்காலத்தில் கொள்ளுப் பருப்பு. விசேஷத்துக்கு ஒப்புட்டும் கச்சாயமும். அசைவர்களுக்கு, மிளகாயும் தேங்காய்ச்சில்லும் போட்டு வதக்கிய பள்ளிபாளையம் கோழி. சர்க்கரை நோய்க்காரர்களுக்கு மருத்துவர் சொல்லும் கம்பும் கேழ்வரகும் இந்த வட்டாரத்தின் பழைய அன்றாட உணவு. கோவைக்கு வந்து பத்தாண்டு வாழ்ந்து, அன்னபூர்ணா உணவகத்துச் சாம்பாரோடு கொங்குச் சமையல் முடிந்துவிட்டது என்று நினைப்பவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. பக்கத்துக் கிராமத்து ஆத்தா ஒருவரை வாரம் ஒருநாள் சமையலுக்கு அழைத்தால் போதும். உணவோடு ஊரும் உள்ளே வரும்.

மெக்சிகோவிலும் இப்படித்தான். அந்த நாட்டுச் சமையல் மரபை யுனெஸ்கோ 2010-ல் மனிதகுலத்தின் பண்பாட்டுச் செல்வமாக அறிவித்தது. ஏரிக்கரையில் குடியேறியவர்களில் சந்தைக்குப் போய் உள்ளூர்க்காரர் சாப்பிடும் கடையில் உட்காரப் பழகியவர்களே ஊரோடு ஒட்டினார்கள். நமக்கும் மெக்சிகோவுக்கும் சாப்பாட்டில் உறவு உண்டு. நம் மிளகாயும் தக்காளியும் மக்காச்சோளமும் பப்பாளியும் சப்போட்டாவும் அந்தப் பக்கத்திலிருந்து கடல் கடந்து வந்தவைதாம். வந்த செடிகள் இந்த மண்ணில் வேர்விட்டு, இன்று மிளகாய் இல்லாத கொங்குக் குழம்பே இல்லை.

நட்பைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். அறுபத்தைந்து வயதில் புது நண்பர் கிடைப்பாரா என்ற பயம் எல்லோருக்கும் இருக்கிறது. ரேஸ் கோர்ஸ் நடைபாதையில் விடியற்காலை ஒரு சுற்று நடந்தால் அந்தப் பயம் பாதி போய்விடும். ஓய்வுபெற்ற வங்கி மேலாளரும், மில் சூப்பர்வைசரும், கல்லூரிப் பேராசிரியரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து அரசியல் பேசுகிறார்கள். கொங்குத் தமிழே ஒரு வரவேற்பு. 'ஏனுங்க, சாப்ட்டீங்களா, எப்ப வந்தீங்க' என்று சின்னப் பையனிடமும் 'ங்க' போட்டுப் பேசும் மரியாதை, புதிதாக வந்தவரை நாலே நாளில் இளக வைத்துவிடும். ஆனால் குடியிருப்புக்குள்ளேயே அடைந்துகொள்பவர்களுக்கு இந்தப் பேச்சு வாசல் காவலர், வேலைக்கார அம்மா, ஆட்டோக்காரர் வாயிலாக மட்டுமே கேட்கிறது. அவர்களோடு பேசுவது வேலை வாங்கும் பேச்சாகவே நின்றுவிடுகிறது. ஒரே வயதினர், ஏறத்தாழ ஒரே வருமானம், பெரும்பாலும் ஒரே சமூகப் பின்னணி: இவர்களுக்குள் மட்டும் பழகினால் ஆண்டுதோறும் நண்பர் எண்ணிக்கை குறையத்தான் செய்யும், ஏனென்றால் மரணமும் அதே வட்டத்துக்குள்தான் வந்து போகிறது. இளைஞர்களோடும் குழந்தைகளோடும் பழக்கம் வைத்திருப்பவருக்குத்தான் எண்பது வயதிலும் புதிதாக ஒருவர் வணக்கம் சொல்வார்.

அதற்கான வாய்ப்புகள் இங்கே குறைவில்லை. மாசியில் கோனியம்மன் தேர், பங்குனியில் பேரூர்ப் பட்டீசுவரர் தேர், தைப்பூசத்துக்கு மருதமலை. கொடிசியா வளாகத்தில் ஆண்டுதோறும் புத்தகத் திருவிழா. ஆனைகட்டியில் சுவாமி தயானந்த சரஸ்வதி 1990-ல் நிறுவிய ஆர்ஷ வித்யா குருகுலத்தில் வேதாந்த வகுப்பு. இவற்றில் பலவற்றை முதியவர்கள் முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள். இன்னும் அதிகம் கண்டுபிடிக்காதது வள்ளி கும்மி. முருகன் வள்ளியை மணந்த கதையைப் பாட்டும் அடவுமாக ஊர் மைதானத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் ஆடும் இந்தக் கலை கொங்கு நாட்டில் மீண்டும் பெரிதாக எழுந்திருக்கிறது. மேட்டுப்பாளையம் பகுதியைச் சேர்ந்த பத்ரப்பன், பெண்களுக்கும் இதைக் கற்றுத்தந்த ஆசான், 2024-ல் பத்மஸ்ரீ பெற்றபோது அவருக்கு வயது 87.

இங்கே நின்று கொஞ்சம் யோசிக்க வேண்டும். கொங்கு நாட்டு முதுமைக்குச் சொந்தமாக ஒரு மாதிரி உண்டு. அதில் 'ஓய்வு' என்ற சொல்லே இல்லை. தேக்கம்பட்டி பாப்பம்மாள் நூறு வயதைத் தாண்டியும் தன் காட்டில் இறங்கி இயற்கை வேளாண்மை செய்தார். 2021-ல் பத்மஸ்ரீ, 2024 செப்டம்பரில் மறைவு. கணபதியைச் சேர்ந்த நானம்மாள் தொண்ணூறு கடந்தும் யோகாசனம் கற்றுத்தந்தார். 2018-ல் பத்மஸ்ரீ, 2019-ல் 99 வயதில் மறைவு. ஆலாந்துறை அருகே வடிவேலம்பாளையத்தில் கமலாத்தாள் பாட்டி எண்பது வயதுக்கு மேலும் அதிகாலையில் அடுப்பு மூட்டி ஒரு ரூபாய்க்கு இட்லி விற்றார். எல்லோராலும் இப்படி உழைக்க முடியாது. முடியவேண்டும் என்று கேட்பதும் கொடுமை. ஆனாலும் இந்த மூவருக்கும் விடிந்ததும் ஒரு வேலை காத்திருந்தது, அந்த வேலையை எதிர்பார்த்து சில மனிதர்கள் காத்திருந்தார்கள். எந்தக் குடியிருப்பு விளம்பரத்திலும் இந்த வசதி குறிப்பிடப்படுவதில்லை.

பணம், பத்திரம் விஷயத்துக்கு வருவோம். பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு வாங்கி அதில் வீடு கட்டி வாழலாம் என்ற கனவோடு வெளிநாட்டிலிருந்து விசாரிப்பவர்கள் ஏராளம். வெளிநாட்டில் வசிக்கும் இந்தியரும், இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வைத்திருப்பவரும் குடியிருப்பு வீடு வாங்கலாம். விவசாய நிலமோ பண்ணை வீடோ விலைக்கு வாங்க அந்நியச் செலாவணிச் சட்டம் அனுமதிப்பதில்லை. பரம்பரையாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். முதியோர் குடியிருப்பு வாங்குபவர்கள் மூன்றைக் கேட்டாக வேண்டும்: மாதப் பராமரிப்புக் கட்டணம் எந்தக் கணக்கில் ஏறும், சமையலும் மருத்துவ உதவியும் தரும் நிறுவனம் விலகினால் அடுத்து யார், படுத்த படுக்கையானாலோ நினைவு தப்பினாலோ அங்கேயே வைத்துப் பார்ப்பார்களா. மத்திய வீட்டுவசதி அமைச்சகம் 2019-ல் ஓய்வுக்கால இல்லங்களுக்கான மாதிரி வழிகாட்டுதல்களை வெளியிட்டது. கட்டுபவர், சேவை தருபவர், வாங்குபவர் மூவரும் சேர்ந்து ஒப்பந்தம் போட வேண்டும் என்கிறது அது. பாசத்தில் சொத்தை எழுதிக்கொடுத்துவிட்டு நிற்பவர்களுக்கு 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ஆம் பிரிவு இருக்கிறது. கவனித்துக்கொள்வதாகச் சொல்லி வாங்கிய சொத்தை, கவனிக்காவிட்டால் திரும்பப் பெறலாம். உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் இதை மீண்டும் உறுதியாகச் சொல்லியிருக்கிறது.

இதுவரை பேசியது பணமுள்ள முதுமையை. அதே கோவையில் இன்னொரு ஓய்வுக்காலமும் நடக்கிறது. பஞ்சாலையில் முப்பது ஆண்டு நூல் இழுத்த தொழிலாளிக்கு வருங்கால வைப்பு நிதித் திட்டத்தின் குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014-லிருந்து மாதம் 1,000 ரூபாய். அரசின் முதியோர் உதவித்தொகை 2023-ல் 1,200 ரூபாயாக உயர்ந்தது. சிங்காநல்லூரிலும் பீளமேட்டிலும் பழைய மில் வாசல்களை ஒட்டிய ஓட்டு வீடுகளில் வாழும் இவர்களுக்கு, குடியிருப்புகளின் ஒரு மாதச் சாப்பாட்டுக் கட்டணமே எட்டாத தொகை.

நிலமுள்ள முதியவர்களின் பாடு வேறு மாதிரி. கொங்கு நாட்டில் வீடுகள் ஊருக்குள் நெருங்கி நிற்பதில்லை. அவரவர் தோட்டத்திலேயே தனித்தனியாக இருக்கும். ஒற்றைப் பிள்ளைக் குடும்பம் இங்கே ஒரு தலைமுறைக்கு முன்பே வேரூன்றிவிட்டது. அந்த ஒரு பிள்ளையும் படித்துவிட்டு வெளியூரோ வெளிநாடோ போனபிறகு, பத்து ஏக்கர் தோட்டத்தின் நடுவே ஆத்தாவும் அப்பாரும் இரண்டு நாய்களும் மட்டும். 2024 நவம்பரில் பல்லடம் அருகே சேமலைக்கவுண்டம்பாளையத்தில் தோட்டத்து வீட்டில் முதிய தம்பதியும் மகனும் கொல்லப்பட்டார்கள். 2025 மே மாதத் தொடக்கத்தில் ஈரோடு மாவட்டம் சிவகிரி அருகே தோட்டத்தில் தனியாக வாழ்ந்த தம்பதி கொல்லப்பட்டது தெரியவந்தது. அதற்குப் பிறகு தோட்டத்து வீடுகளில் கேமரா பொருத்தினார்கள். போலீஸ் ரோந்தும் கூடியது. காலையில் ஒருவர் சாப்பிட வரவில்லை என்று கவனிக்கும் பக்கத்து நாற்காலி மட்டும் அங்கே இன்னும் இல்லை.

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் அறுபது வயதைக் கடந்தவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேருக்குச் சற்று அதிகம். 2031-ல் அது பதினெட்டைத் தாண்டும் என்பது மத்திய அரசின் வல்லுநர் குழு கணிப்பு. இத்தனை பேருக்கும் மதில் கட்டிய குடியிருப்பு விடையாகாது. அங்கே வெற்றிபெற்ற மூன்று ஏற்பாடுகளை, அதாவது சேர்ந்து சாப்பிடுவது, அவசர மணி, விசாரிக்க ஓர் ஆள் என்பவற்றை, மதிலுக்கு வெளியே கொண்டுவருவதுதான் விடை. தமிழ்நாட்டுக்கு இதில் முன்னனுபவம் உண்டு. 1983-லேயே சத்துணவு மையங்களில் முதியோர் உதவித்தொகை பெறுபவர்களுக்கும் மதிய உணவு அளிக்கத் தொடங்கிவிட்டோம். 2025-ல் மாநில அரசு முதியோருக்காக 25 'அன்புச்சோலை' பகல்நேர மையங்களைத் தொடங்கியது. எழுபது வயது கடந்தவர்களின் வீட்டுக்கே ரேஷன் கொண்டுசெல்லும் திட்டமும் அதே ஆண்டில் வந்தது. நல்ல தொடக்கம். ஆனால் அன்புச்சோலை நகரங்களோடு நின்றுவிடக் கூடாது. அன்னூர், காங்கேயம், கொடுமுடி, சிவகிரி போன்ற ஊர்களில், தோட்டத்துப் பெரியவர்கள் பேருந்தில் வந்து மதியம் சாப்பிட்டு, நாலு பேரோடு பேசி, வெயில் தாழ்ந்ததும் திரும்பும் தூரத்தில் ஒரு மையம் வேண்டும்.

கோவைக்கு ஓய்வுக்காக வந்து சேர்ந்தவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்களில் ஆசிரியர்கள் இருக்கிறீர்கள், மருத்துவர்கள் இருக்கிறீர்கள், வங்கிக் கணக்கும் அரசு விண்ணப்பமும் அறிந்தவர்கள் இருக்கிறீர்கள். உங்கள் குடியிருப்பிலிருந்து நடக்கும் தூரத்தில் ஓர் அரசுப் பள்ளியும், உதவித்தொகைக்கு எப்படி மனுக் கொடுப்பது என்று தெரியாத ஒரு மூதாட்டியும் நிச்சயம் இருப்பார்கள். வாரத்துக்கு ஒரு காலைப்பொழுது அவர்களுக்காக வாசலைத் தாண்டி வாருங்கள். உங்கள் சாப்பாட்டுக்கூடத்தில் அந்தக் கிராமத்துப் பெரியவர்களுக்கும் மாதம் ஒருநாள் இலை போடுங்கள்.